உப்புக்காற்று ஊரில் போன், டிவி, ஏசி எல்லாம் காப்பாற்றுவது

கடலில் விழுந்த போன்களைவிட, கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் சும்மா மாட்டியிருந்த டிவியும் ரவுட்டரும்தான் என் மேஜைக்கு அதிகமாக வருகின்றன. பாம்பனில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில் செல்போன் என்று மட்டும்தான் எழுதியிருக்கும், ஆனால் சின்ன ஊரில் அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது, ரிமோட், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட், ஃபேன் போர்டு, சில நாள் கோயில் மைக் செட்கூட வந்துவிடும். மதுரையில் அக்கா வீட்டில் அதே கம்பெனி, அதே மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், இங்கே அதற்குள் போர்டு போயிருக்கும். கடைக்காரன் டூப்ளிகேட் தலையில் கட்டிவிட்டான் என்று சண்டைக்குக் கிளம்புவார்கள். அவன் ஒழுங்கான பொருளைத்தான் கொடுத்திருப்பான். நம்ம கரைக் காற்று அப்படி.

காற்றோடு வருவது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளி. அது போர்டின் மேல் படிந்துவிட்டால் லேசில் காயாது. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். கடலை ஒட்டிய ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அடுக்களையில் கல் உப்பு ஜாடி நசநசவென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், போர்டின் மேலும் அதே வேலைதான் நடக்கிறது. அந்த ஈரத்தில் கரண்ட் ஓடும். ஒட்டி ஒட்டி இருக்கிற இரண்டு பின்னில் ஒன்றில் பேட்டரி வோல்டேஜும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் நடுவில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து களிம்பு ஏறும். போனை அணைத்து வைத்தாலும் பேட்டரி மாட்டியிருக்கிற வரை இது நிற்காது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாமே சுலபம்.

முதலில் கடலில் விழுந்த போன். குந்துகாலில் வல்லம் வைத்திருக்கிற ஒரு அண்ணன், மஞ்சப் பைக்குள் அரிசி, அரிசிக்குள் போன், அப்படியே கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"எப்பண்ணே விழுந்துச்சு?"

"முந்தா நாளு தம்பி. எடுத்தவுடனே அரிசியில போட்டுட்டோம். நல்லாக் காஞ்சிருக்கும், லேசா ஆன் மட்டும் பண்ணிக் குடு."

பின்பக்கக் கண்ணாடியைச் சூடுகாட்டிக் கழற்றி, ஸ்க்ரூ எடுத்து, பேட்டரி கனெக்டரை மூடியிருந்த தகட்டைத் தூக்கினேன். கனெக்டரில் ஒரு வரிசைப் பின் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, பக்கத்தில் இருந்தது கறுத்து மெலிந்து, டுவீசர் பட்டதும் உதிர்ந்துவிட்டது. சார்ஜிங் ஓட்டைக்குள் ஒரு நொய் அரிசி நன்றாகச் சிக்கியிருந்தது, சுற்றிலும் அரிசி மாவு. சிம் ட்ரேக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய ஸ்டிக்கர் சிவப்பாகியிருந்தது. அதைத்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பார்கள், சிவப்பு என்றால் வாரண்டி பேச்சே கிடையாது. அண்ணன் ஒன்றும் அலட்சியமாக இருந்துவிடவில்லை, எல்லாரும் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் அரிசிக்கு ஈரத்தை இழுக்கிற சக்தி ரொம்பக் குறைவு, உப்பை எடுக்கிற சக்தியோ சுத்தமாகக் கிடையாது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அவ்வளவு உப்பும் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும். ஐபோன் கம்பெனியே 2024ல் அரிசியில் போடாதீர்கள், சின்னத் துகள் போய் போனைக் கெடுத்துவிடும் என்று தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்தது. நம்ம ஆட்கள் காதில் அது விழவில்லை.

அப்போது என்ன செய்வது? உடனே அணைக்க வேண்டும். சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது, "ஆன் ஆகுதா பாப்போம்" என்கிற அந்த ஒரு அமுக்கலில் போன போர்டுகள் நிறைய. சிம் ட்ரேயை உருவிவிடுங்கள். போனுக்கு ஐபி67, ஐபி68 என்று தண்ணீர் தாங்குகிற மதிப்பு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசலாம், கடலில் நனைந்தால் அப்படித்தான் செய்யச் சொல்லி கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. அந்த மதிப்பு இல்லாத போனை நீங்களாக அலச வேண்டாம், துடைத்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வாருங்கள். மறுநாள் வரலாம், சந்தைக்குப் போகும்போது வரலாம் என்றெல்லாம் வேண்டாம். நாங்கள் செய்யும் முதல் வேலை பேட்டரியைப் பிரிப்பது, அதற்கப்புறம்தான் களிம்பு ஏறுவது நிற்கும். பிறகு போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ் போட்டு, லேசான சூட்டில் காயவைப்போம். போர்டைத் தண்ணீரில் கழுவுவதைப் பார்த்து எதிரே நிற்பவர்கள் பதறுவார்கள். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தானே வேண்டும், ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது.

நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர், அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். ராமநாதபுரம் மாவட்டத்தில் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் அலசினால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை வைத்த கதைதான்.

இந்த ஐபி68 பற்றி ஒரு பேச்சு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், 8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்று கம்பெனி சொல்வதுதான் கணக்கு. இந்தச் சோதனை எல்லாமே புதுப் போனை வைத்து, உப்பில்லாத தண்ணீரில் செய்வது. உள்ளே தண்ணீரைத் தடுப்பது ஒரு மெல்லிய பசையும் ரப்பரும்தான், வெயிலில் காய்ந்து, கீழே விழுந்து, நாளாக ஆக அது தளர்ந்துபோகும். ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றிவிட்டால் பழைய உறுதி இல்லை. நானும் புதுப் பசை ஒட்டித்தான் கொடுப்பேன், ஆனால் இனிமேல் இதை வைத்துக்கொண்டு கடலில் இறங்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். பணம் கொடுத்து டிஸ்ப்ளே மாற்றுபவர்கள், பசை ஒட்டினீர்களா என்று கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல கடைகளில் ஒட்டாமலே மூடிவிடுவார்கள்.

படகில் போகிறவர்களுக்கு விலை உயர்ந்த போனைவிட ஒரு நல்ல வாட்டர்ப்ரூஃப் பை பிரயோஜனம். வாங்கியதும் போனைப் போட்டுப் பார்க்காதீர்கள், டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு, மூடி, வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் அப்புறம் போனைப் போடலாம். மடிப்பில் மணல் சிக்கினால் பை ஒழுகும், அதையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும்.

பவர் பேங்க்கில் இரண்டு விஷயம். 10000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது கணக்குப்படி 7400, அதிலும் சூடாகப் போவது போக இன்னும் குறையும். அதனால் 5000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு தடவை ஏறும் என்று நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள், ஒன்றரை தடவை ஏறினால் நல்ல பேங்க். இன்னொன்று, வாங்கும்போது பின்பக்கம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் பவர் பேங்க்குக்கு அது கட்டாயம். பாலத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் சல்லிசாக விற்பதில் பெரும்பாலும் இருக்காது. உப்புத் தண்ணீரில் முழுகிய பவர் பேங்க்கை, வீங்கிப்போன பேட்டரியை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். லித்தியம் செல் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். மணலில், திறந்த வெளியில் வைத்துவிட்டு, பேட்டரி எடுக்கிற கடையில் கொடுத்துவிடுங்கள். குத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கடலில் டவர் கிடைக்காத இடத்தில் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். அது சேட்டிலைட்டில் இருந்து வருவது, சிம்முக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மேப்பை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், வரவேற்பு மெசேஜ் வரும், செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்காமல் நம்ம கம்பெனியில் நிறுத்திவைத்தால் அந்தத் தொல்லை இருக்காது. அதற்காகப் போன் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி எல்லைப் பக்கம் போய்விடாதீர்கள். 1974லிலும் 1976லிலும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தக் கோடு தண்ணீரில் தெரியாது, ஈரக் கையில் டச் வேலை செய்யாத நேரத்தில் போன் உதவாது. பட்டன் வைத்த கையடக்க ஜிபிஎஸ்ஸும், 16ஆம் சேனலில் வேலை செய்கிற விஎச்எஃப் வயர்லெஸ் செட்டும்தான் படகுக்குச் சாதனம். கடலோரக் காவல்படையின் 1554க்கு அடிக்கவும் டவர் வேண்டுமே.

விஎச்எஃப் சரியாகக் கேட்கவில்லை என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செட்டில் ஒன்றும் இருக்காது. ஆண்டெனா கேபிள் வந்து சேருகிற கனெக்டரைத் திருகிப் பார்த்தால் உள்ளே நடுக் கம்பி கறுத்திருக்கும், பின்னல் கம்பி பொடியாகக் கொட்டும். இரண்டு அங்குலம் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினால் பழையபடி கேட்கும். புது செட்டுக்குப் பணம் எடுத்துக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வியாபாரம் என்று பார்த்தால் நஷ்டம்தான்.

ஜிபிஎஸ்ஸில் பார், அதாவது கடலடிப் பாறை இருக்கிற இடம், வலை மாட்டுகிற இடம் எல்லாம் பாயிண்டாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அப்பா காலத்தில் கண்ணால் அடையாளம் பிடித்ததை மகன் எண்ணாக மாற்றி வைத்திருப்பார். செட் போனால் அத்தனையும் போச்சு, என்னிடம் வந்து "செட்டு போனாப் போகுது, பாயிண்ட மட்டும் எடுத்துத் தாங்க" என்று நிற்பவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், மெமரி ஐசியில் களிம்பு ஏறிவிட்டால் ஒன்றும் எடுக்க முடியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதைப் போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவர் போனிலும் ஒன்று இருக்கட்டும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் என் கடையில் கூட்டம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் கேபினிலேயே கிடக்கும், உள்ளே செல்லும் மாட்டியபடியே இருக்கும். செல் ஒழுகி, ஸ்பிரிங் துருப்பிடித்து வந்து நிற்கும். ஓடாமல் கிடக்கிற பொருள்தான் இங்கே சீக்கிரம் போகிறது. ஓடிக்கொண்டிருப்பது உள்ளே கொஞ்சம் சூடாக இருப்பதால் ஈரம் படிவது குறைவு. தடை தொடங்கும்போதே கழற்றி, ஈரத்துணியில் துடைத்து, காய்ந்ததும் செல்லை எடுத்துவிட்டு, மூடி இறுகப் பிடிக்கிற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வீட்டில் வையுங்கள். நீல மணி வாங்கினால் ஈரம் குடித்ததும் ரோஸ் கலராகிவிடும். 120 டிகிரி அளவு சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் சமையல் சட்டியில் செய்யாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம். புது செருப்புப் பெட்டியில் வருகிற சின்னப் பொட்டலம் எல்லாம் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்தவை, அதை நம்பிப் பிரயோஜனமில்லை.

இதே கதைதான் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுகளிலும். வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பார்கள், வருஷக்கணக்கில் வீடு பூட்டியிருக்கும், பெருநாளுக்கு வந்து டிவியைப் போட்டால் படம் வராது. ஒரு லாத்தா (அந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னிடம், "தம்பி, வாங்குனதுலேந்து பத்து நாளு கூட ஓடலையே, எப்படிக் கெடும்?" என்று கேட்டார். ஓடாததால்தான் லாத்தா என்றால் நம்பவில்லை, பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து, வாரத்துக்கு ஒரு நாள் டிவி, இன்வெர்ட்டர், ஃபேன் எல்லாம் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொன்னால் போதும். அங்கிருந்து கொண்டுவருகிற பொருளில் கனமான சதுரப் பின் பிளக் இருக்கும், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு, அதை வெட்டிவிட்டு நம்ம பிளக்கை மாட்டாதீர்கள், அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் தைரியமாகப் போடலாம், வெறும் 110 என்று இருந்தால் நம்ம 230ல் போட்ட நொடியே முடிந்தது. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி.

வீட்டில் எதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதி காசு மிச்சமாகும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கடலிலிருந்து அடிக்கும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றுதான் உப்பைக் கொண்டுவரும். உங்கள் வீட்டுக்கு எந்தச் சுவரில் உப்பு அடிக்கிறது என்று ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும், எந்தப் பக்கக் கம்பி முதலில் துருப்பிடிக்கிறதோ அந்தச் சுவரில் ஏசியின் வெளி யூனிட்டை வைக்காதீர்கள். மாட்ட வருகிற பையன் குழாய் நீளம் குறையும், காசு குறையும் என்பான், நீங்கள் அசையாதீர்கள். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். மண்டபத்தில் ஒரு லாட்ஜில் பார்த்தேன், தகட்டில் விரலை வைத்ததும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. செம்புக் குழாய்ச் சுருளும், தகட்டுக்கு நீலக் கோட்டிங்கும் கேட்டு வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். வண்டி கழுவுகிற பிரஷர் பம்பு வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

ஃபேன் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடுகிற பிஎல்டிசி ஃபேன், சாதாரண 75 வாட் ஃபேனோடு ஒப்பிட்டால் 28லிருந்து 35 வாட்தான் எடுக்கும், இன்வெர்ட்டரில் நீண்ட நேரம் ஓடும், உள் அறையில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். திண்ணையிலும் கடலைப் பார்த்த ஹாலிலும் மட்டும் பழைய கெப்பாசிட்டர் ஃபேனே இருக்கட்டும். அதில் கெட்டுப்போக போர்டு கிடையாது, கெப்பாசிட்டர் போனால் எலக்ட்ரீசியன் கூட வேண்டாம், நீங்களே மாற்றிவிடலாம்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. கரையோரத்தில் எர்த் குழாய் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும், வெளியே தெரியாது. ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று ஆரம்பிக்கும். சுவிட்ச் போர்டில் உப்பீரம் ஏறினால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் அடிக்கடி விழும், தொல்லையாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டு நேராக வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அது விழுவது உங்களைக் காப்பாற்ற. போர்டைக் கழற்றித் துடைத்து, எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பழைய போன் வாங்குபவர்களுக்கு. கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு போனின் டார்ச்சை அடித்து சார்ஜிங் ஓட்டைக்குள் பாருங்கள், பின் மஞ்சளாக மினுக்க வேண்டும், கறுப்போ பச்சையோ தெரிந்தால் அந்தப் போன் கடலைப் பார்த்திருக்கிறது. சிம் ட்ரேயை உருவி உள்ளே ஸ்டிக்கர் நிறத்தையும், அடிப்பக்க ஸ்க்ரூ தலையில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். *#06# அடித்தால் அந்தப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும், கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் போட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்பினால் அது திருட்டுப் போனா, தடை செய்யப்பட்டதா என்றும் தெரிந்துவிடும். சார்ஜரைச் சொருகிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், போன் தேவையில்லாமல் சூடானால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி.